பச்சைக் கரையிட்ட அட்டை

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரைத் திங்களின் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், தருமபுரி நகரில் ஒரு திருமண விருந்துப் பந்தலில் நிகழ்ந்தது இது. சேலத்திலிருந்து எங்கள் பகுதி தனி மாவட்டமாகப் பிரிந்து அப்போது சில ஆண்டுகளே கழிந்திருந்தன. நான் அந்நகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தூய தமிழில் பேசவும் எழுதவும் வேண்டும் என்னும் பற்று எனக்கு மாணவப் பருவத்திலேயே ஏற்பட்டுவிட்டது. கையெழுத்தும் சற்று அழகாக அமைந்திருந்தமையால் ஊரில் திருமண அழைப்பிதழ், வாழ்த்துமடல், கடைப் பெயர்ப்பலகை என எது எழுதவேண்டியிருந்தாலும் என்னைத் தேடி வருவர். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

விருந்தளித்தவர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த இசுலாமிய நண்பர். ஊரில் அனைவரும் அவரைப் பாய் என்றே அழைப்பர். நானும் அவ்வாறே அழைத்தேன். அவருடைய மூத்த மகன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். அவனுக்குத் திருமணம் முடிந்து, மணமகன் வீட்டார் அளிக்கும் வலீமா விருந்துக்கு ஏற்பாடு நடந்தது. பெங்களூரில் தான் கண்ட முறைப்படி விருந்தைப் பஃபேயாக நடத்தவேண்டும் என்று மகன் பிடிவாதமாக நின்றான். நீண்ட மேசைகளில் உணவு வகைகளைப் பரப்பி வைப்பது, வந்தோர் தட்டேந்திச் சென்று தாமே எடுத்துக்கொள்வது, பரிமாற எவரும் நில்லாமை என்பது அம்முறை. எங்கள் ஊருக்கு அது முற்றிலும் புதிது.

"நம்ம ஊர் சனம் ஒத்துக்குமா ஐயா? ஒக்கார வெச்சு எலை போட்டாவே கொற சொல்லுவாங்க" என்று பாய் என்னிடம் வருந்தினார்.

"உலகம் மாறி வருகிறது, பாய். மகன் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்" என்றேன்.

"சரிங்க. ஆனா எது என்னான்னு தெரியாம மரக்கறி சாப்புடறவங்க கறியில கைய வெச்சுடக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு பயம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால பேர் எழுதி வெச்சுடலாம்னு பையன் சொல்றான். அதை நீங்கதான் பண்ணித் தரணும்."

அவர் கூறிய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. வருவோரில் ஏறத்தாழ நாற்பது பேர் புலால் உண்ணாதவர்கள். அவர்களுள் முதன்மையானவர் எங்கள் பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டில் கன்னடம் பேசுபவர்; கழுத்தில் லிங்கம் அணிந்தவர்; புலால் சமைக்கும் வீட்டில் அதுவரை நீர்கூட அருந்தியறியாதவர். பாயின் மகன் பள்ளியிறுதித் தேர்வில் ஒருமுறை தவறிக் கடையில் முழம் போட அமர்ந்தபோது, அவனை வீட்டுக்கு அழைத்து மூன்று திங்கள் கணக்குச் சொல்லித் தந்து மீண்டும் எழுதச் செய்தவர் அவர்தாம். அவர் வந்து ஒரு பிடி சோறு உண்டாலன்றி இவ்விருந்து தமக்கு விருந்தாகாது என்று பாய் பலமுறை கூறினார். கூறியதோடு நில்லாமல், பொம்மிடியிலிருந்து சைவச் சமையற்காரர் ஒருவரை வரவழைத்தார். அவருக்குத் தனி அடுப்பு, புதிய பாத்திரங்கள், புதிய கரண்டிகள் என அனைத்தையும் வாங்கிக் கொடுத்தார். தலைமையாசிரியரிடம் சென்று இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, "நான் அங்கேயே இருப்பேன், ஐயா, என் பொறுப்பு" என்று உறுதி கூறி அவரை இசையச் செய்தவன் நான்.

"நீங்க இருக்கீங்கன்னா வர்றேன் புலவரே" என்றார் அவர். அவ்வளவுதான் அவர் சொன்னது.

பெயரட்டைகள் எழுதும் பணியில் நான் மிகுந்த ஈடுபாடு கொண்டேன். ஓலை நறுக்கில் எழுதலாமா, வாழைமட்டையைச் சீவி எழுதலாமா என்றெல்லாம் எண்ணிப் பார்த்தபின், வரைபட அட்டையே ஏற்றது என்று முடிவு செய்தேன். எங்கள் ஓவிய ஆசிரியர் அட்டைகளைச் சீராக நறுக்கி, மரக்கறி உணவுக்குப் பச்சைக் கரையும் புலால் உணவுக்குச் சிவப்புக் கரையும் தீட்டித் தந்தார். அட்டைகளை நிறுத்திவைக்க நான் கண்ட வழியே எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரிய பச்சை மாங்காய்களை வாங்கி, மேசையில் உருளாமல் நிற்குமாறு அடிப்பக்கத்தைச் சிறிது சீவி, மேற்பக்கத்தில் கத்தியால் கீறி, அக்கீறலில் அட்டையைச் செருகினேன். பச்சை மாங்காயின் மேல் வெள்ளை அட்டை, அதில் கருமை எழுத்து, சுற்றிலும் வண்ணக் கரை. பாயின் மகன் பார்த்துவிட்டு, பெங்களூரில்கூட இப்படிக் கண்டதில்லை என்றான்.

பெயர்களையும் நான் வழக்கில் உள்ளவாறு விட்டுவிடவில்லை. பொருள் விளங்கும் தூய சொற்களாக அமைத்தேன். தயிர்சாதம் தயிர்ச்சோறு ஆயிற்று. உருளைக்கிழங்குப் பொரியல் கிழங்கு வறுவல் ஆயிற்று. பிரியாணி ஊன்சோறு ஆயிற்று. பாய் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் ஐயா" என்று சொல்லி உள்ளே சென்றார். விருந்தினரை வரவேற்கும் வேலை அவருக்கு இருந்தது.

பிழை நேர்ந்த இடத்துக்கு இப்போது வருகிறேன்.

வீட்டை ஒட்டிய வெற்றிடத்தில் பந்தல். வாயிலிலிருந்து நோக்கினால் இடப்புறம் மரக்கறி மேசை, வலப்புறம் புலால் மேசை, நடுவில் இனிப்புக்குத் தனி மேசை. பொம்மிடிச் சமையற்காரர் நான்கு பாத்திரங்களை அனுப்பியிருந்தார். அனுப்பிவிட்டு, மாலையில் வேறோர் ஊரில் வேலை இருந்ததால் தொடர்வண்டியைப் பிடிக்கப் புறப்பட்டும் விட்டார். புலால் மேசைக்கோ ஆறு பாத்திரங்கள் வந்தன. ஒருபுறம் நான்கும் மறுபுறம் ஆறுமாக இருப்பது என் கண்ணை உறுத்தியது. இருபுறமும் ஐந்தைந்து இருந்தால் வாயிலில் நுழைவோர்க்கு எத்துணை நேர்த்தியாக இருக்கும் என்று எண்ணினேன்.

அந்த ஆறு பாத்திரங்களுள் ஒன்று, நான் முன்னரே பெயரெழுதியவற்றுள் வராத குசுகா. புலால் உண்போர் அனைவர்க்கும் அது பழகிய உணவு. எனக்கு அப்பெயரும் புதிது, பொருளும் புதிது. புலால் சமையலுக்குத் தலைவராக இருந்த பண்டாரி, அதாவது விருந்துச் சமையற்காரர், அதன் மூடியைத் திறந்து காட்டினார். நெய்யில் மினுங்கும் நீண்ட பருக்கைகள். ஆங்காங்கே பட்டையும் கிராம்பும். வேறொன்றும் கண்ணில் படவில்லை.

"இதனுள் இறைச்சித் துண்டு உண்டா?" என்று வினவினேன்.

"பீஸ் ஒண்ணுகூட இருக்காதுங்க. வேணும்னா கரண்டி வுட்டுத் துழாவிப் பாருங்க."

அவரே துழாவியும் காட்டினார். உண்மையாகவே ஒரு துண்டும் இல்லை. நான் கேட்டதற்கு அவர் விடை அளித்தார். அதில் பொய் ஏதுமில்லை. எதில் வேகவைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஐந்தைந்தாக மேசைகளைச் சமன்செய்யும் ஆவலில் இருந்த எனக்கு, வேண்டிய விடை கிடைத்ததும் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. இரண்டு ஆள்களை அழைத்துப் பாத்திரத்தை இடப்புறத்துக்கு மாற்றினேன். எஞ்சியிருந்த பச்சைக் கரை அட்டை ஒன்றில் "நறுநெய்ச்சோறு" என்று எழுதி மாங்காயில் செருகினேன். குசுகா என்று ஊர்வழக்கிலேயே எழுதியிருந்தாலும் பலர் விழித்துக்கொண்டிருப்பர். அந்த வாய்ப்பையும் நானே கெடுத்தேன்.

விருந்து தொடங்கியது. முதலில் மக்களுக்குக் கூச்சம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்திருந்த உழவர் ஒருவர் ஓர் அட்டையைப் பிடுங்கி மேசைமேல் கிடத்திவிட்டு மாங்காயை எடுத்து ஒரு கடி கடித்தார்.

"ஐயா, மாங்கா வெச்சவங்க உப்பு மொளகாத்தூள் வெக்க மறந்துட்டீங்களே!"

"அது உண்பதற்கு அன்று, ஐயா, அட்டை நிற்பதற்கு" என்றேன்.

"அட்டைக்கு எதுக்குங்க மாங்கா? இந்த வருசம் வெலை என்னான்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் அவர். சுற்றியிருந்தோர் சிரித்தனர். கூச்சம் அதன்பின் கலைந்தது; எல்லாரும் மேசைகளை நெருங்கினர்.

மரக்கறி உண்போர் மட்டும் இன்னமும் தயங்கி நின்றனர். இவ்வீட்டில் உண்ணலாமா என்னும் ஐயம் அவர்கள் கண்களில் இருந்தது. அவர்களுக்கு வழிகாட்ட எண்ணி நானே முதலில் தட்டேந்திச் சென்றேன். நான் பிறந்தது முதல் புலால் உண்ணாதவன் என்பதை அவர்கள் அறிவர். நறுநெய்ச்சோற்றை எடுத்தேன், உண்டேன். அத்தகைய சுவையை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. மீண்டும் ஒருமுறை சென்று எடுத்துக்கொண்டேன். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் இருவரிடம், "இதைத் தவறவிட்டுவிடாதீர்கள்" என்று பரிந்துரைக்கவும் செய்தேன்.

அவ்வேளையில்தான் தலைமையாசிரியர் வந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. பாய் வாயிலுக்கே ஓடிச்சென்று அவர் கைகளைப் பற்றிக்கொண்டு உள்ளே அழைத்துவந்தார். மகனும் மருமகளும் வந்து வணங்கினர். பின்னர்ப் பாயை யாரோ பெண்வீட்டார் அழைக்க, அவர் என்னை நோக்கிக் கண்காட்டிவிட்டுச் சென்றார். நான் தலைமையாசிரியரை இடப்புற மேசைக்கு அழைத்துச் சென்றேன்.

"இதெல்லாம் நம்மளுதா?" என்று கேட்டார்.

"பச்சைக் கரை இட்டவை அனைத்தும் நமக்குரியவை, ஐயா."

அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்து, என் எழுத்தை மெச்சி, நறுநெய்ச்சோற்றில் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒக்கார எடம் எங்கே புலவரே? நின்னுக்கிட்டே திங்கறதுக்கு நான் என்ன மாடா?"

நாற்காலி போட்டால் புதுமுறை கெட்டுவிடும் என்று பாயின் மகன் பந்தலில் ஒரு நாற்காலியையும் விட்டுவைக்கவில்லை. "நான் பாத்துக்கறேன், நீங்க இருங்க" என்று சொல்லித் தலைமையாசிரியர் தட்டோடு கூட்டத்துள் சென்று மறைந்தார்.

நான் கைகழுவச் சமையற்கட்டுப் பக்கம் சென்றேன். பண்டாரி அடுப்பருகே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனம் நிறைந்திருந்த நான் அவரைப் பாராட்டாமல் வர விரும்பவில்லை.

"அந்த நெய்ச்சோறு மிக நன்று. அந்த மணம் எவ்வாறு வந்தது?"

அவர் முகம் மலர்ந்தது. "குசுகாங்களா? அது நம்ம கைப்பாங்குங்க. நெஞ்செலும்பும் காலெலும்பும் போட்டு விடியக்காலத்துல இருந்து சாறு எறக்கினேன். அந்தச் சாத்துலயேதான் அரிசி வெந்துது. பச்சத் தண்ணி ஒரு சொட்டு ஊத்தல."

சொல்லி முடித்தபின்தான் அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் யார், என்ன உண்பவன் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

"நீங்க சாப்ட்டீங்களா ஐயா?" என்று குரல் தாழ்த்திக் கேட்டார்.

என் வயிற்றில் இருப்பதை எண்ணக்கூட நேரமில்லை. தலைமையாசிரியரின் தட்டே என் கண்முன் நின்றது. கழுவாத கையோடு பந்தலுக்குள் ஓடினேன். மரக்கறி மேசையருகே அவர் இல்லை. இனிப்பு மேசையருகே இல்லை. பந்தலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இருமுறை ஓடினேன். வெள்ளை வேட்டிகள் நூறு இருந்தன.

பந்தலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்புறத்தில் ஒரு தையற்கடை. அதன் முன்னே தையற்காரர் போட்டுக் கொடுத்த முக்காலியில் அவர் அமர்ந்திருந்தார். தட்டு மடியில் இருந்தது. வலக்கை சட்டைக்கு மேலாக மார்பில், லிங்கம் இருக்கும் இடத்தில் பதிந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. உண்ணுமுன் வணங்குவது அவர் வழக்கம். நான் தெருவில் இறங்கும்போதே அவர் கண்ணைத் திறந்து, கையை எடுத்து, சோற்றைப் பிசைந்து ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுசென்றார்.

"சார்! வேணாம்! வாயில வெக்காதீங்க! சாப்புடாதீங்க சார்!"

அக்குரல் என்னுடையதுதான். தெருவெங்கும் கேட்டிருக்கும். அவர் கை அப்படியே நின்றது. பருக்கைகள் இரண்டு மூன்று வேட்டியில் விழுந்தன.

என் கூச்சல் அவரைத் தடுத்தது. ஆனால் அவரோடு நிற்கவில்லை. பந்தலின் வாயிலில் நின்றிருந்தோர் திரும்பினர்.

"என்னாங்க ஆச்சு? சோத்துல என்னா?"

"பல்லி வுழுந்துடுச்சாம்!"

"எந்தச் சோத்துல?"

"துப்புடா! துப்பு! கீழ வெய்யி தட்டை!"

பல்லி என்று முதலில் சொன்னவர் யாரென்று தெரியவில்லை. நொடியில் அச்சொல் பந்தல் முழுதும் பரவிவிட்டது. தட்டுகள் கீழே வைக்கப்படும் ஓசை கேட்டது. திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு தாய் தன் குழந்தையின் வாயில் விரலிட்டபடி வெளியே ஓடிவந்தாள். முந்நூறு பேர் உண்டுகொண்டிருந்த விருந்து ஒரு சொல்லில் நின்றுவிட்டது. பெண்வீட்டார் ஒருபுறமாக ஒதுங்கி நின்று தமக்குள் பேசினர்.

பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். தலைமையாசிரியர் முக்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். கையில் தட்டு அப்படியே இருந்தது. நான் மூச்சிரைக்க அவர் அருகில் நின்றேன்.

"என்ன புலவரே? என்ன இதுல?" என்றார் தலைமையாசிரியர்.

நான் வாய் திறக்குமுன் பாய் தட்டைப் பார்த்துவிட்டார். வாழ்நாள் முழுதும் அவர் உண்டு வளர்ந்த சோறு. ஒரே பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது. முகம் வெளிறியது. எப்படி இங்கு வந்தது என்று அவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. தலைமையாசிரியர் முன் இரு கைகளையும் கூப்பினார்.

"சார், தப்பு எங்க மேலதாங்க. இது கறிச்சாத்துல வெந்த சோறு. தெரியாம உங்க தட்டுக்கு வந்துடுச்சு. மன்னிச்சுடுங்க." பின்னர்க் கூட்டத்தை நோக்கி உரத்த குரலில், "பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. யாரும் பயப்படாதீங்க. சாப்பாடு நல்ல சாப்பாடு. என் கவனக்கொறவுதான்" என்றார்.

ஓட்டம் அடங்கியது, முணுமுணுப்பு எழுந்தது. நான் அப்போது பேசியிருக்கவேண்டும். பாத்திரத்தை இடம் மாற்றியவன் நான், அட்டை எழுதியவன் நான், என் பொறுப்பு என்று சொல்லி அவரை அழைத்து வந்தவனும் நானே. நான் பேசவில்லை. ஊரார் முன்னிலையில், என் மாணவர்களின் பெற்றோர் முன்னிலையில், புலவர் என்று அழைக்கப்பட்டவன் இதைச் செய்தான் என்பது வெளிப்படுமே என்று என் உள்ளம் ஒடுங்கியது. பாய் தாமே ஏற்றுக்கொண்டாரே, இதோடு முடிந்துவிடட்டும் என்று ஒரு மூலையில் நினைத்தேன் என்பதையும் எழுதவேண்டும்.

என் பின்னால் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"அதான் சொன்னேன், இவங்க வூட்ல கை நனைக்க வராதீங்கன்னு. கேட்டாத்தானே?"

அவர் மெல்லத்தான் சொன்னார். ஆயினும் பாயின் செவியில் அது விழுந்ததை அவர் முகத்தில் கண்டேன். கூப்பிய கைகள் இறங்கவில்லை. தலை மட்டும் தாழ்ந்தது. அதன்பிறகே என் நா அசைந்தது.

"பாய் மீது எந்தத் தவறும் இல்லை" என்றேன். "அவர் தனி அடுப்பு வைத்தார், தனிச் சமையற்காரரை அழைத்தார், பாத்திரத்தைச் சரியான மேசைக்குத்தான் அனுப்பினார். மேசை பார்வைக்கு நன்றாயிருக்கவேண்டும் என்று அதை மாற்றியவன் நான். பச்சை அட்டை எழுதி வைத்தவனும் நான். அது எதில் வெந்தது என்று கேட்டறியாமல் எழுதினேன். பிழை முழுதும் என்னுடையது."

தலைமையாசிரியர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பள்ளியில் தாமதமாக வரும் ஆசிரியரை அவ்வாறுதான் பார்ப்பார்.

"நீங்க சாப்ட்டீங்களா புலவரே?"

"உண்டேன், ஐயா."

"எவ்வளவு?"

"இருமுறை வாங்கி உண்டேன்."

"ரெண்டு வாட்டியா!" அவர் தட்டை ஒருமுறை பார்த்தார். "அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்."

முதலில் சிரித்தவர் தையற்காரர். பிறகு மாங்காய் உழவர். அதன்பின் கூட்டமே சிரித்தது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. தட்டைத் தையற்காரரிடம் கொடுத்தார். துண்டால் வேட்டியில் ஒட்டிய பருக்கைகளைத் தட்டினார். நீர் வாங்கிக் கையை இருமுறை கழுவினார். பின்னர்ப் பாயின் கூப்பிய கைகளைத் தாமே பிரித்து இறக்கிவிட்டார்.

"பசிக்குதுங்க பாய். எது தயிர்சோறுன்னு நீங்க வாயால சொல்லுங்க. எழுத்தெல்லாம் போதும்."

பாய் அவரை உள்ளே அழைத்துச் சென்றார். ஒவ்வொரு பாத்திரத்தையும் தொட்டு, இன்னது, இன்னின்னது சேர்ந்தது என்று சொல்லிச் சொல்லித் தம் கையாலேயே புதிய தட்டில் வைத்தார். ஒன்றையும் விட்டுவிடாமல் சொன்னார். தையற்கடை முக்காலி பந்தலின் நடுவுக்கு வந்தது. எல்லார் கண்முன்னும் அதில் அமர்ந்து, மீண்டும் மார்பில் கைவைத்துக் கண்மூடி, தலைமையாசிரியர் தயிர்ச்சோறு உண்டார். அவர் முதற் கவளத்தை விழுங்கும்வரை பாய் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. அதைக் கண்டபின்னரே மற்றவர்களும் கீழே வைத்த தட்டுகளை எடுத்தனர். பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பாயின் தோளில் கைபோட்டு நின்றார்.

நான் அந்தப் பாத்திரத்தை வலப்புறத்துக்கு மாற்றச் செய்து, பச்சை அட்டையைப் பிடுங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். விருந்து முடியும்வரை பாத்திரத்தின் அருகிலேயே நின்று, வந்த ஒவ்வொருவரிடமும், "இது எலும்புச்சாறு சேர்ந்ததுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். புலால் உண்போர்க்கு அதனால் மகிழ்ச்சியே. பாத்திரம் விரைவில் காலியாயிற்று.

மூன்று மணியளவில் கூட்டம் கலைந்தபின் பாய் என்னிடம் வந்தார்.

"நீங்க சொல்லியிருக்க வேணாம் ஐயா. எனக்கு எப்படியும் பேர் கெட்டது கெட்டதுதான்னு நெனச்சுட்டேன். உங்க பேராச்சும் தப்பட்டும்னு பாத்தேன்."

"உங்களுக்கு அப்போதே தெரியுமா, நான் மாற்றியது?"

"தெரியுமே. ஓடியாறப்பவே மேசையில அந்தப் பச்சை அட்டைய நான் பாக்கலியா? உங்க எழுத்து தெரியாதா எனக்கு?" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு என் முகத்தைப் பாராமல், "சாப்ட்டது வயித்துக்கு ஒத்துக்காம இருக்கப் போவுது, சுக்குத் தண்ணி வெக்கச் சொல்றேன்" என்று உள்ளே போனார்.

மறுநாள் பள்ளியில், நான் பரிந்துரைத்து உண்ண வைத்து, கூச்சல் எழுமுன்பே புறப்பட்டுவிட்டிருந்த ஆசிரியர் இருவரிடமும் தனித்தனியே உண்மையைச் சொன்னேன். ஒருவர், "போவட்டும் வுடுங்க, நான் சாப்ட்டதை யாருக்கும் சொல்லாதீங்க" என்றார். மற்றவர் எழுந்து சென்றார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்வரை என்னோடு பேசவில்லை. அவர் சினம் நியாயமானது. நான் என் நோன்பு கெட்டதற்காகச் சில நாள் வருந்தினேன். பின்னர் அவ்வருத்தம் தானே தேய்ந்துவிட்டது.

தேயாமல் நிற்பது வேறொன்று. பாய் கைகூப்பியதற்கும் நான் வாய் திறந்ததற்கும் இடையே ஒரு குவளை நீர் பருகும் நேரந்தான் இருந்திருக்கும். என் பெயரைக் காக்கவே அவர் தலைகுனிகிறார் என்பதை அறியாமல், அக்குனிவின் நிழலில் நான் ஒதுங்கி நின்ற நேரம் அது. இத்தனை ஆண்டுகளில் என்னை நல்லவன் என்று யாரேனும் சொல்லக் கேட்கும்போதெல்லாம், அந்த ஒரு குவளை நேரத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் மீதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.